சுவரைப் பார்த்துப் படித்த ஐந்து நிமிஷம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பதினைந்து வருஷமாக யோசித்துவிட்டேன். ரிடையர் ஆன கையோடு எழுதிவிடுவதாகத்தான் நினைப்பு. நோட்டுப் புஸ்தகம்கூட வாங்கி வைத்தேன். அதில் இன்றைக்கு என் மனைவி பஜனைப் பாட்டுகள் எழுதி வைத்திருக்கிறாள். பேனாவை எடுத்தால் ஒரு பயம் வந்துவிடும். நான் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு உத்தியோகத்தில் சேர்ந்தவர்கள் அப்போதெல்லாம் ஆபீஸ்களில் இருந்தார்கள். நான் எதையாவது எழுதப்போய் அவர்கள் பிழைப்பில் கை வைத்தது போல் ஆகிவிட்டால்? இப்போது அவர்களும் பென்ஷன்காரர்கள் ஆகிவிட்டார்கள். பகவான் எனக்கும் இன்னும் கை நடுங்காமல் வைத்திருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

ஷார்ட்ஹாண்ட் சொல்லிக் கொடுக்கப் புதிதாக வந்திருக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இது. நான் பெரிய படிப்பாளி இல்லை. நாலாவது பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு ரயிலேறியவன். ஆகையால் பாஷையில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே எங்கள் இன்ஸ்டிடியூட். ஒரு பெரிய ஹால், அதை ஒட்டி ஒரு சின்ன அறை. ஹாலில் டைப்ரைட்டிங் மெஷின்கள் காலையிலிருந்து இடித்துக்கொண்டே இருக்கும். சின்ன அறையில் நான் ஷார்ட்ஹாண்ட் எடுப்பேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிசான பலகைத் தடுப்பு. முதலாளி தினம் ஒரு தடவை வந்து விளக்கேற்றி, சாமி படத்துக்குப் பூப்போட்டுவிட்டுப் போவார். மற்றதெல்லாம் என் பொறுப்பு.

எங்கள் டெஸ்ட் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் தொழிலில் இல்லாதவர் கையிலும் இந்தக் காகிதம் போய்ச் சேரலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். ஐந்நூறு வார்த்தை உள்ள ஒரு இங்கிலீஷ் பகுதியை நான் ஐந்து நிமிஷத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்பவர்கள் அதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு மெஷினில் அடித்துக் கொடுக்க வேண்டும். இருபத்தைந்து தப்பு வரை பாஸ். அதற்கு மேல் ஒன்று போனாலும் இல்லை. பாஸ் ஆனால் 'நிமிஷத்துக்கு நூறு வார்த்தை' என்று அச்சடித்த சர்டிபிகேட்டில் நான் கையெழுத்துப் போடுவேன், முதலாளி சீல் வைப்பார். பம்பாய்க் கோட்டைப் பக்கத்து ஆபீஸ்களில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருந்தது. சில இடங்களில் அதைப் பார்த்தால் வேறு பரீட்சையே வைக்க மாட்டார்கள்.

அதனால் என்னிடம் கெஞ்சாதவர் கிடையாது. ஒருவருடைய மாமியார் ஒரு ஜாடி வடுமாங்காயைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். இன்னொருவர் கோயிலில் பிரதட்சிணம் பண்ணும்போது என் பின்னாலேயே சுற்றி வந்து, மூன்றாவது சுற்றில் விஷயத்தைச் சொன்னார். நான் அசைந்ததில்லை. ஒரு தப்பைக்கூடக் குறைத்து எண்ணியது கிடையாது. வடுமாங்காய் ஜாடியையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மனசில்லாமல்தான். டெஸ்டுக்கு முன்னால் கண்ணை மூடிப் பிள்ளையாரை நினைத்துக்கொள்வேன். இந்தக் கை தப்புப் பண்ணாது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதை இப்போதுதான் கர்வம் என்கிறேன். அப்போது பக்தி என்று நினைத்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். யுத்தத்துக்காகத் திறந்த இலாகாக்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். தற்காலிகமாக எடுத்த குமாஸ்தாக்களுக்கெல்லாம் நோட்டீஸ். அப்படிப்பட்ட ஒரு ஆபீஸில் காதர் மைதீன் என்பவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஒரே அறையில் குடித்தனம். முதலில் அங்கே தோல் மண்டியில் எடை எழுதிக்கொண்டிருந்து, யுத்த காலத்தில் இந்த வேலைக்கு வந்தவர். அவருடைய ஆபீஸில் ஒரு சுற்றறிக்கை போட்டிருந்தார்கள். நூறு வார்த்தை ஷார்ட்ஹாண்ட் தெரிந்தவர்களில் ஓரிருவரை நிரந்தரமாக்கிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அந்த மாசத்துக் கடைசி வெள்ளிக்கிழமையோடு சரி. வேலை போனால் அவர் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

காதர் மைதீன் எங்களிடம் எட்டு மாசமாக வந்துகொண்டிருந்தார். அவர் சனிக்கிழமைக் கூட்டம். தாராவி, குர்லா, சயான் பக்கத்திலிருந்து ஆபீஸ் அரை நாள் முடிந்து வருகிறவர்களுக்குச் சனிக்கிழமை டெஸ்ட். மாட்டுங்காவிலேயே இருக்கிற நம் பையன்களுக்கு வியாழக்கிழமை. 'நம் பையன்கள்' என்று கை தானாக எழுதுகிறது பாருங்கள். அடிக்காமல் அப்படியே விட்டுவிடுகிறேன்.

முதல் தடவை அவருக்கு நாற்பது தப்பு. இரண்டாவது தடவை முப்பத்தாறு. மூன்றாவது தடவை, கடைசி வெள்ளிக்கு முந்தின சனிக்கிழமை, முப்பத்திரண்டு. காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். மற்றவர்கள் போய்விட்டார்கள். அவர் மட்டும் நின்றார்.

"ஏழு வார்த்தை சார். ஏழே ஏழு."

"தெரியறது."

"ஏழு வார்த்தைக்காக நான் பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு ரயிலேறணுமா? நீங்களே சொல்லுங்க."

"கணக்கு இருபத்தஞ்சு. இருபத்தாறு ஆனாலும் கிடையாது. எங்க அண்ணா பிள்ளைக்கும் இதே கணக்குதான்."

"அப்ப ஒண்ணு கேக்கேன். கோவிக்க மாட்டியளே?"

"கேளுங்கோ."

"மார்க்கு ஒண்ணும் கூட்டிப் போட வேண்டாம். வியாழக்கிழமை கணேசனுக்குப் படிச்சியள்லா? அதே மாதிரி எனக்கும் ஒரு மட்டம் படிங்க. போதும்."

கணேசன் எங்கள் பஜனை கோஷ்டியின் பாகவதருடைய பிள்ளை. இரண்டு நாளைக்கு முன்னால் பாஸ் ஆகியிருந்தான். அவன் சர்டிபிகேட் கையெழுத்தும் சீலும் ஆகி என் மேஜை டிராயரில் இருந்தது.

"அதே மாதிரின்னா? எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே படிக்கறேன்?"

"இல்ல சார். எங்களுக்கு அஞ்சு நிமிசம். அவுகளுக்கு ஆறு."

எனக்குக் காது சுட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். வியாழக்கிழமை நான் படித்த அதே பகுதி, முழுதும் ஷார்ட்ஹாண்டில். வியாழக்கிழமைகளில் அவர் ஹாலில் டைப் பழக வருவார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கேட்டதை எழுதியிருக்கிறார். நான் கண்ணை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தப்பு கூடக் கண்ணில் படவில்லை.

"ஹால் கடியாரத்துல ஏழு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கப்ப ஆரம்பிச்சிய. நாலு நிமிசம் இருக்கப்ப முடிச்சிய. மூணு வியாழக்கிழமை பாத்தாச்சு."

"ஓஹோ! அந்தப் பக்கம் உக்காந்துண்டு என்னை வேவு பார்த்தேளா?"

"வேவு இல்ல சார். தோல் மண்டியில எடை போட்டவன். முள்ளு எங்க நிக்கின்னு கண்ணு தானாப் போயிரும். பழகிட்டு."

"போறும். வெளில போங்கோ. இனிமே இந்த மாதிரிப் பேச்சு என்கிட்ட வேண்டாம்."

அவர் தாளை மடித்தார். "படிக்க மாட்டேன்னா சரி. ஆனா பொய்யின்னு மட்டும் சொல்லாதிய சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பூஜையை முடித்துவிட்டு என் சட்டைப் பைக் கடிகாரத்தை மனைவி கையில் கொடுத்தேன்.

"நான் இங்கிலீஷ்ல கொஞ்சம் படிக்கப்போறேன். பெரிய முள் எங்கே இருக்குன்னு பார்த்துண்டே இரு. ஒவ்வொரு நிமிஷம் ஆனப்புறமும் 'ஆச்சு'ன்னு சொல்லு."

"சாதம் அடுப்பில இருக்கு."

"அஞ்சு நிமிஷம்தான்."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படித்தேன். சரியாக ஐந்தாவது 'ஆச்சு'வுக்குக் கடைசி வார்த்தை. எனக்கு உயிர் வந்தது. பார்த்தாயா, அந்த மனிதர் அபாண்டம் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சும்மா ஒரு திருப்திக்காக, "இப்போ நீ எதிர்ல உக்காந்து பென்சிலும் பேப்பரும் வச்சுக்கோ. எழுதற மாதிரி ஏதாவது கிறுக்கு" என்றேன். கடிகாரத்தைச் சுவரில் சாய்த்து வைத்தோம். அவள் குனிந்து ஏதோ எழுத ஆரம்பித்தாள். நான் படித்தேன்.

முடித்துவிட்டுப் பார்த்தால் ஐந்து நிமிஷம் ஐம்பது விநாடி.

நான் கடிகாரத்தை உதறிக் காதில் வைத்துப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள். "அதை ஏன் உதறறேள்? நான் ஸ்ரீராமஜயம் எழுதிண்டிருந்தேன். ஒவ்வொண்ணும் எழுதி முடிக்கற வரைக்கும் காத்துண்டிருந்தேள். முடிச்சப்புறம்தான் அடுத்த வார்த்தை வந்துது. உங்களுக்கே தெரியலையா?"

அவளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. சாதம் குழைந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் நடக்கும், அதனால் கவனமாகக் கேளுங்கள். வியாழக்கிழமை வருகிறவர்கள் முன் பெஞ்சில் உட்காருவார்கள். எல்லாரும் தெரிந்த முகம். இவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அவன் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகவில்லை என்று வீட்டு விஷயமெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர்கள் பென்சில் தடுமாறினால் என் கண் அங்கே போய்விடும், வாய் நின்றுவிடும். சனிக்கிழமை வருகிறவர்கள் சுவர் ஓரமாக உட்காருவார்கள். அவர்கள் வீடு வாசல் எதுவும் எனக்குத் தெரியாது. அதனால் நான் என் கடிகாரத்தையே பார்த்துப் படிப்பேன். கெஞ்சினவர்களுக்கு நான் கையால் ஒரு மார்க் கொடுக்கவில்லை. வாயால் ஒரு நிமிஷம் கொடுத்திருக்கிறேன். அதுவும் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன். பூப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பாமலேயே, "ஓய், சீல் வச்சாச்சு. உம்ம வாய் கொஞ்சம் மெதுவாப் போனா அதுக்குச் சர்டிபிகேட் என்ன பண்ணும்?" என்றார்.

"அந்தச் சர்டிபிகேட் பொய் சொல்றது சார். நூறுன்னு போட்டிருக்கு. எம்பத்தஞ்சுகூட இல்லை."

"ஊரெல்லாம் போய்த் தமுக்கடிச்சுட்டு வாரும்! நாளையிலேர்ந்து ஒருத்தனும் படியேற மாட்டான்."

"கணேசனோடது இன்னும் டிராயர்லதான் இருக்கு. அவனையும் அந்த மைதீனையும் ஒண்ணா உக்கார வச்சுப் புதன்கிழமை மறுபடி படிக்கறேன். இதுக்கு மட்டும் உத்தரவு கொடுங்கோ."

அவர் மிச்சப் பூவையும் போட்டுவிட்டுத் திரும்பினார். "பாகவதர்கிட்ட நீரே போய்ச் சொல்லும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை" என்றார்.

எனக்கும் இல்லைதான். பாகவதர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிஷம் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஊஞ்சலை நிறுத்தினார்.

"எந்தாடா வைத்தா, பாஸாயாச்சுன்னு நேத்திக்குப் பாயசம் வச்சாச்சு. இன்னிக்கு வந்து திரும்ப எழுதச் சொல்றே?"

"தப்பு என்னோடது. நான் மெதுவாப் படிச்சுட்டேன்."

"தாராவிலேர்ந்து வந்த யாரோ ஒருத்தன் சொன்னான்னு எம் பிள்ளை பேப்பரைப் பிடிச்சு வச்சுப்பயா? நாளைக்குப் பகவான் சன்னிதில என் பக்கத்தில உக்காந்து ஜால்ரா தட்டுவயா நீ?"

"தட்டணும்னுதான் வந்து சொல்றேன்" என்றேன். ஊஞ்சல் மறுபடி ஆட ஆரம்பித்தது. அதுதான் போகச் சொல்வது என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காதர் மைதீனுக்கு எங்கள் ஹாலில் டைப் பழகும் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினேன். புதன்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். கணேசன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தான். காதர் மைதீன் ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தார். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தேன். பிறகு என் நாற்காலியைத் தூக்கி, அவர்களுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன்.

"என்ன சார் இது, வனவாசமா?" என்றான் கணேசன்.

"உங்க ரெண்டு பேர் பென்சிலையும் நான் பார்க்கப்படாது. அதுக்குத்தான்."

கடிகாரத்தைச் சுவர் ஆணியில் மாட்டினேன். அதுவரை யாருக்கும் படிக்காத ஒரு புதுப் பகுதியை எடுத்தேன். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

முதுகுப் பக்கம் இரண்டு பென்சில் சத்தம் கேட்டது. மூன்றாவது நிமிஷத்தில் ஒன்று நின்றுவிட்டது. எது என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் பட்ட பெரிய அவஸ்தை அதுதான். காதர் மைதீன்தான் நின்றுவிட்டாரோ என்று பதறியது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. குருவாயூரப்பா, இந்தக் கழுத்தைப் பிடித்துக்கொள் என்று மனசுக்குள் கதறிக்கொண்டே வாயால் ஏதோ கப்பல் சரக்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். முள் ஐந்தாவது நிமிஷத்தைத் தொட்டதும் கடைசி வார்த்தை வந்தது.

திரும்பினேன். கணேசன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தான். "இது மனுஷன் எழுதற ஸ்பீடா?" என்று எழுந்து போய்விட்டான். டிராயரிலிருந்த அவன் சர்டிபிகேட்டை அன்றே கிழித்தேன்.

காதர் மைதீன் மெஷினில் அடித்துக் கொடுத்தார். நான் சிவப்புப் பென்சிலால் எண்ணினேன். இருபத்தொன்பது.

மறுபடி எண்ணினேன். இருபத்தொன்பதுதான். நாலு அதிகம். அந்த இருபத்தொன்பதில் இரண்டு மூன்று, ஒரு மாதிரி பார்த்தால் தப்பு, இன்னொரு மாதிரி பார்த்தால் தப்பில்லை என்கிற ரகம். அவர் எதிரே உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமைக்காரர்களுக்கு நான் வாரா வாரம் ஒரு நிமிஷம் தானம் பண்ணியிருக்கிறேன். இவருக்கு நாலு வார்த்தை கொடுத்தால் பிராயச்சித்தமாகாதா? இப்படி ஒரு நியாயம் எனக்குள்ளேயே எழுந்து நின்று வாதாடியது. கெஞ்சுகிறவர்களை எதிர்க்கலாம். நமக்கு நாமே கெஞ்சும்போதுதான் கஷ்டம். மூன்றாவது தடவையும் எண்ணிவிட்டு, '29' என்று தாளின் தலையில் எழுதி அவரிடம் நகர்த்தினேன்.

அவர் பார்த்தார்.

"அஞ்சு நிமிசத்துல முடிச்சிய. நானும் கடியாரத்தப் பாத்தேன்" என்றார். "சனிக்கிழமை தோத்துட்டேன்னு நான் ஒத்துக்கிடல சார். இன்னிக்கு ஒத்துக்கிடுதேன்."

"சனிக்கிழமையும் உங்களுக்குச் சரியாத்தான் படிச்சேன் மைதீன். மூணு தடவையும் சரியாத்தான் படிச்சிருக்கேன். மத்தவாளுக்குத்தான் தப்பாப் படிச்சேன்."

அவர் சிரித்தார். அந்த நேரத்தில் எப்படிச் சிரிக்க முடிந்ததோ! "அப்ப இந்த மாட்டுங்காவுல எனக்கு ஒருத்தனுக்குத்தான் ஒழுங்காப் படிச்சிருக்கியளா? நல்ல யோகம்லா எனக்கு!"

நானும் சிரித்துவிட்டேன். கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

போகிறவர் வாசலில் நின்றார். "நூறு வேண்டாம். எம்பதுன்னா நான் எழுதிருவேன். அத மட்டும் ஒரு தாள்ல எழுதித் தருவியளா சார்?"

எங்கள் இன்ஸ்டிடியூட்டில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. நூறு இல்லையென்றால் ஒன்றுமில்லை. ஆனாலும் நாற்காலியை மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பி, எண்பதில் ஐந்து நிமிஷம் படித்தேன். ஒரே ஒரு தப்பு. முதலாளி தன் பேர் அச்சடித்த தாளைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "எம்பதுக்கெல்லாம் காகிதம் கொடுத்தா நம்மைப் பார்த்துச் சிரிப்பா" என்றார். வெறும் தாளில் நானே அடித்தேன். 'இவரை நூறு வார்த்தை வேகத்தில் நான்கு முறை பரீட்சை செய்தேன். நான்கு முறையும் தேறவில்லை. எண்பது வார்த்தை வேகத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தப்புக்கு மேல் செய்யவில்லை. நேரில் பார்த்தது.' கீழே என் கையெழுத்து, தேதி.

அவர் படித்துப் பார்த்தார். "தேறலங்கதயும் போடணுமா சார்?"

"போட்டாத்தான் அடுத்த வரியை நம்புவா."

"சரி. அல்லா விட்ட வழி" என்று மடித்து வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனேன். வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் கேட்கிறேனோ என்று தோன்றிவிட்டது. அவர் குழந்தையின் பேர்கூட எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தைக்காக என்று மட்டும் சொல்லி நமஸ்காரம் பண்ணிவிட்டு வந்தேன். பகல் முழுக்க வகுப்பில் மனசு நிற்கவில்லை. ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை படித்து மாணவர்களிடம் கேலிப் பேச்சு வாங்கினேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். படிக்கட்டில் யாரோ இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும் சத்தம்.

காதர் மைதீன்தான். சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலிலேயே, "சார், வச்சுக்கிட்டாக!" என்றார்.

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. மூச்சு அடி வயிறு வரை போய் வந்தது. "உக்காருங்கோ, முதல்ல உக்காருங்கோ. என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று தண்ணீர் கொடுத்தேன்.

நடந்தது இதுதான். அவர் ஆபீஸில் நூறு வார்த்தைச் சர்டிபிகேட்டோடு மூன்று பேர் வந்திருக்கிறார்கள். இவர் தாளைப் பார்த்த ஹெட் கிளார்க், எண்பதா, போய் வா என்று கையைக் காட்டியிருக்கிறார். இவர் போகவில்லை. வாசலிலேயே நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து வெளியே வந்த அதிகாரி, ஒரு வயதான பார்சிக்காரர், என்ன காகிதம் என்று வாங்கிப் படித்திருக்கிறார். படித்துவிட்டுச் சிரித்திருக்கிறார். 'இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் தேறவில்லை என்று எழுதிக்கொடுத்த சர்டிபிகேட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நீயும் வந்து உட்கார்' என்று கூப்பிட்டிருக்கிறார். காகிதத்தை மட்டும் நம்பாமல், தானே நாலு பேருக்கும் ஒரு கடிதம் சொல்லியிருக்கிறார். நூறு வார்த்தைக்காரர்களில் ஒருவர் எழுதிவிட்டார். இரண்டு பேர் பாதியில் பென்சிலைப் போட்டுவிட்டார்கள். இவர் கடைசி வரை எடுத்து, தப்பில்லாமல் அடித்துக் கொடுத்திருக்கிறார். எழுதி முடித்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டார்கள்.

"இன்னொண்ணு இருக்கு சார்" என்றார். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "சொல்லலாமா?"

"சொல்லுங்கோ."

"பென்சிலப் போட்டவுகள்ல ஒருத்தர் வச்சிருந்தது நீங்க கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டு. போன வருசத்து வியாழக்கிழமைக்காரர். அதிகாரி அதையும் என் தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாரு. ரெண்டுலயும் ஒரே கையெழுத்துதான இருக்கு, இந்த மனுசன நம்பணுமா வேண்டாமான்னு எங்கிட்டக் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னேள்?"

"பிந்தின தேதில இருக்கதை நம்புங்கன்னேன்."

அதற்கப்புறம் நான் ரிடையர் ஆகும் வரை ஒரு டெஸ்டுக்குக்கூட முகத்தைப் பார்த்துப் படித்ததில்லை. பழைய வியாழக்கிழமைக்காரர்களைக் கோயிலிலோ கடைத்தெருவிலோ பார்த்தால், "ஒரு தடவை வந்து சுவர் டெஸ்ட் எழுதிட்டுப் போ" என்று கூப்பிடுவேன். இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். கணேசன் வேறு ஒரு இன்ஸ்டிடியூட்டில் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டான். பாகவதர் பஜனைக்கு வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சுண்டல் விநியோகத்தில் என் இலை மட்டும் ஒரு வருஷத்துக்கு விட்டுப்போயிற்று. காதர் மைதீன் அந்த ஆபீஸில் பெரிய நிலைக்கு வந்தார். நூறுக்கு அவர் மறுபடி உட்காரவே இல்லை. அவருடைய அதிகாரி நிமிஷத்துக்கு எண்பது வார்த்தைக்கு மேல் பேசுகிறவர் இல்லையாம்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் மாற்றாதீர்கள். நான் பெரிய நேர்மைக்காரன் என்று ஆக்க வேண்டாம். எத்தனை பொய்க் காகிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது என்பது எனக்கே தெரியாது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, கடைசியில் காதர் மைதீன் நூறில் பாஸ் ஆனார் என்று கதையை முடித்துவிடாதீர்கள். கேட்பவர்களுக்கு அப்படி முடிந்தால்தான் பிடிக்கும். ஆனால் அவர் பாஸ் ஆகவில்லை.